நுண்குஞ்சு முதல் விரலி வரை: தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்துக்கு ஒரு கெண்டைக் குஞ்சு வளர்ப்பு வழிகாட்டி

ஏரியில் விட்ட கட்லா எட்டு மாதம் கழித்தும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டவில்லை என்றால், நம் பக்கத்தில் முதலில் தீவனத்தைத் திட்டுவார்கள், அப்புறம் தண்ணீரை. அந்த மீன் ஏரிக்கு வருவதற்கு முன்னால் எங்கே, எப்படி வளர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. நான் முதலில் கேட்பது அதைத்தான். நாற்றங்காலில், அதாவது குஞ்சு வளர்க்கும் சிறு குளத்தில், ஒரு குஞ்சுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்பதில்தான் பிழைப்பு விகிதம், உடல்வாகு, பின்னால் வரும் எடை மூன்றும் தொடங்குகின்றன.

இந்த வழிகாட்டி 10 சென்ட் நாற்றங்கால் குளத்தை அளவாக வைத்து எழுதியது. 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும் நுண்குஞ்சை வாங்கி, 15 முதல் 20 நாளில் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் குஞ்சாக்கி, இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் 8 முதல் 10 சென்டிமீட்டர் விரலியாக்கும் வரை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் முறை ஒன்றுதான்; மற்றவற்றுக்கு வேறுபாடு வரும் இடத்தில் சொல்கிறேன்.

குளம் வெட்டும் முன்பே மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரத்தில் வரும் பட்டினிக்குப் பரிகாரம் கிடையாது. செத்தது செத்ததுதான், முதுகு வளைந்தது வளைந்ததுதான். மூன்று நான்கு அங்குலம் வளர்ந்த பிறகு வரும் நெருக்கடியோ வேறு கதை. அதை மீன் பின்னால் ஈடுகட்டிவிடும். எந்த வயதில் கஞ்சத்தனம் செய்யலாம், எந்த வயதில் கூடவே கூடாது என்று தெரிந்துவிட்டால் இந்தத் தொழிலில் பாதி தெரிந்த மாதிரி.

மூன்று நாள் கணக்கு

இந்தியப் பெருங்கெண்டைகளான இந்த மூன்றும் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரியும் அவரோடு இருந்தவர்களும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறை ஊசி மூலம் செலுத்தி இவற்றை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று பொரிப்பகங்களில் தயார்நிலை ஹார்மோன் மருந்தே போடுகிறார்கள். ஊசி போட்டு, முட்டையிட்டு, 27 முதல் 30 டிகிரி வெப்பத் தண்ணீரில் 14 முதல் 18 மணி நேரத்தில் முட்டை பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கரு இருக்கும். அது மூன்று நாளைக்குத்தான் வரும். மூன்றாம் நாள் முடிவில் வாய் திறந்து வெளித் தீனி தேட ஆரம்பிக்கும்போதுதான் அது நம் கைக்கு வருகிறது.

குளிர்நாட்டு சால்மனை இதோடு வைத்துப் பார்த்தால் நம் அவசரம் புரியும். 8 டிகிரித் தண்ணீரில் அட்லாண்டிக் சால்மன் முட்டை பொரியவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். பொரிந்த பிறகும் மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு பல வாரம் சரளைக் கற்களுக்கு அடியில் கிடக்கும். தவறைக் கண்டுபிடித்துத் திருத்த அங்கே வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது, நமக்கு மணிக்கணக்கில்தான்.

ஆனால் சால்மன் பொரிப்பகங்களில் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவைத்த சில விஷயங்கள் நமக்கும் உதவும். தொட்டியில் நெருக்கி வளர்த்த குஞ்சுகளின் துடுப்புகள் ஒன்றையொன்று கடித்தும் சுவரில் உரசியும் தேய்ந்துபோகின்றன. தீனியை அள்ளிக் கொட்டி வேகமாகக் கொழுக்க வைத்தால் ஆண் குஞ்சுகளில் ஒரு பகுதி கடலுக்குப் போகாமலே, சிறிய உடம்பிலேயே பருவமடைந்துவிடுகிறது. ஒன்றுமில்லாத வெறும் தொட்டியில் வளர்ந்த குஞ்சுக்கு மூளையின் சில பகுதிகள் ஆற்றில் வளர்ந்ததைவிடச் சிறியதாக இருப்பதும் தெரியவந்திருக்கிறது. அதனால் சில இடங்களில் தொட்டிக்குள் கல், செடி எல்லாம் போட்டு, நீரோட்டத்தையும் அவ்வப்போது மாற்றி வளர்த்துப் பார்க்கிறார்கள். இடம், தீனி, சுற்றுச்சூழல் மூன்றும் சேர்ந்துதான் குஞ்சின் உடம்பைச் செய்கின்றன. சால்மனை நம் மாவட்டங்களில் வளர்க்க முடியாது, அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அதன் உறவுக்காரரான டிரவுட்டே தமிழ்நாட்டில் நீலகிரி அவலாஞ்சி பக்கம்தான் இருக்கிறது. பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தண்ணீரும் மண்ணும்

நம் செம்மண் கொல்லைகளில் தண்ணீர் நிற்காது. ஏரி அடிநிலத்துக் களிமண் கிடைத்தால் குளத்தின் அடியிலும் கரையிலும் அரை அடி கனத்துக்குப் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தலாம். அதற்கு வழியில்லாதவர்கள் ஷீட் போட்ட பண்ணைக்குட்டையைப் பயன்படுத்துகிறார்கள். மாந்தோப்புக்குச் சொட்டுநீர் விட வெட்டிய குட்டைகள் கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் நிறைய உண்டு. அவற்றில் குஞ்சு வளர்க்கலாம். ஆனால் அடியில் மண் இல்லாததால், குஞ்சுக்கு இரையாகும் நுண்ணிய மிதவை உயிர்கள் பிடிக்க நாளாகும். பழைய மீன்குளத்து வண்டலை இரண்டு மூன்று சட்டி கொண்டுவந்து, காயவைத்துத் தூளாக்கிப் போட்டால் வேகம் கூடும். ஈரமாக அப்படியே கொட்டாதீர்கள், அதில் பூச்சியும் களைமீன் முட்டையும் சேர்ந்து வரும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் நம்மில் பலருக்கு ஆதாரம். புளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த மாவட்டங்கள் இவை. கடினத்தன்மையும் அதிகம். கடினத்தன்மை ஓரளவு இருப்பது குஞ்சுக்கு எலும்பு பிடிக்க நல்லதுதான். சிக்கல் வேறு இரண்டு. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) ஏறக்குறைய இருக்காது, கரியமில வாயு இருக்கும். சில கிணறுகளில் நைட்ரஜன் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும். அது குஞ்சின் உடம்புக்குள் குமிழியாகி, குஞ்சு தலைகீழாக மிதந்து சாகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: குழாயைத் தண்ணீருக்குள் விடாமல் ஆள் உயரத்திலிருந்து கருங்கல் மேல் விழவிட்டுத் தெறிக்க வையுங்கள். நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? குஞ்சு விட்ட பிறகு குளத்தில் புதுத் தண்ணீர் சேர்ப்பதாக இருந்தாலும் இப்படியே சேர்க்க வேண்டும்.

தென்பெண்ணைத் தண்ணீர் எடுப்பவர்கள் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளைவெளேரென்று நுரை பொங்கும் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பெரிய மீன் ஓரளவு தாங்கும். நுண்குஞ்சின் செவுள் அந்தத் தண்ணீரைத் தாங்காது. கீழே அணைகளில் தேங்கித் தெளிந்து வரும் தண்ணீரானாலும் நாற்றங்காலுக்கு எடுக்குமுன் ஒரு வாளியில் சில குஞ்சுகளை விட்டு ஒரு நாள் பார்த்துவிடுங்கள். ஏரி, வாய்க்கால் தண்ணீரை மெல்லிய நைலான் வலையால் இரண்டு மடிப்பாகக் கட்டி வடிகட்டித்தான் உள்ளே விட வேண்டும். ஒரு விரால் குட்டி உள்ளே போனால் போதும், கணக்கெல்லாம் அதன் வயிற்றுக்குள்.

பிஹெச் (அமில, கார அளவு) 7.5 முதல் 8.5, உயிர்வளி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல், வெப்பம் 26 முதல் 32 டிகிரி. இவற்றுக்குள் இருந்தால் நிம்மதி. ஆழம் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றேகால் மீட்டர் போதும்.

குஞ்சு வருமுன் குளத்தில் செய்ய வேண்டியவை

குளத்தை வற்றவைத்து அடி வெடிக்கும் வரை காயப்போட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. களைமீன், பூச்சி, நோய்க்கிருமி எல்லாம் வெயிலில் தீர்ந்துவிடும். ஷீட் குட்டையை வற்றவைத்துத் தேய்த்துக் கழுவினால் போதும்.

வற்றாத குளத்தில் இலுப்பைப் புண்ணாக்குத்தான் என் தேர்வு. எக்டருக்கு 2,500 கிலோ கணக்கில் 10 சென்ட்டுக்கு 100 கிலோ. ஓர் இரவு ஊறவைத்துக் கரைத்துக் குளம் முழுக்கத் தெளித்துவிட்டு வலையை இழுத்தால் களைமீன் எல்லாம் மேலே வரும். இதிலுள்ள சப்போனின் என்னும் நஞ்சு மீனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. விஷம் அடங்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு அதுவே உரமாகிவிடும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்கள் பிளீச்சிங் பவுடர் 14 கிலோ போடுகிறார்கள், ஒரு வாரம் பத்து நாளில் தெளியும். ஆனால் அது உரமாகாது, குளத்து உயிர்களையும் துடைத்துவிடும்.

அடுத்து சுண்ணாம்பு, 8 முதல் 10 கிலோ. நம் பக்கத்துத் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது, அதனால் பிஹெச் பார்க்காமல் மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டியதில்லை.

இப்போது உரம். 30 கிலோ கடலைப் புண்ணாக்கு, 8 கிலோ பசுஞ்சாணம், 2 கிலோ சூப்பர் பாஸ்பேட். இதில் பாதியை எடுத்து ஒரு நாள் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தெளிக்க வேண்டும். மீதிப் பாதியை இரண்டு மூன்று பங்காகப் பிரித்து, தண்ணீர் நிறத்தைப் பார்த்துப் பின்னால் போடலாம். வண்டி வண்டியாகச் சாணம் கொட்டுவது பழைய வழக்கம். அது கெட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் அடியில் அழுகி விடியற்காலையில் உயிர்வளியைத் தின்றுவிடும்.

உரம் போட்ட குளத்தில் உயிர்கள் ஒரு வரிசைப்படி வருகின்றன. முதலில் பச்சைப் பாசி, அதைத் தின்ன ரோட்டிஃபர் என்னும் மிக நுண்ணிய உயிர், அதற்குப் பின் மொய்னா போன்ற நீர்த்தெள்ளுகள், கடைசியாக சைக்ளோப்ஸ். வாய் திறந்த நுண்குஞ்சுக்கு ரோட்டிஃபர்தான் வாய்க்கு அளவான இரை. சில நாள் கழித்து மொய்னா. சைக்ளோப்ஸ் பெருகிய பிறகு குஞ்சை விட்டால் நிலைமை தலைகீழ். பெரிய சைக்ளோப்ஸ் நுண்குஞ்சையே கடிக்கும். அதனால் குளம் பக்குவமான பிறகு குஞ்சு தேடி அலையக்கூடாது. குஞ்சு கிடைக்கும் தேதியை உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி உரம் போட வேண்டும். குஞ்சு வர ஒரு வாரம் தள்ளிப்போனால், கூசாமல் தண்ணீரைப் பாதி மாற்றிவிட்டுத் திரும்ப உரம் போடுங்கள்.

பக்குவம் பார்ப்பது எப்படி? 50 லிட்டர் தண்ணீரை மெல்லிய வலைத்துணியில் வடிகட்டி, தங்கியதை ஓர் அளவுக் குழாயில் சிட்டிகை உப்போடு விட்டால் கொஞ்ச நேரத்தில் அடியில் படியும். ஒன்று முதல் ஒன்றரை மில்லி படிந்தால் போதும். குழாய் இல்லையா, கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். எம்பி எம்பிக் குதிக்கிற வெள்ளைப் புள்ளிகள் நீர்த்தெள்ளு. பின்னால் இரண்டு முட்டைப் பை தொங்க, விருட்டென்று வெட்டி வெட்டி ஓடுவது சைக்ளோப்ஸ். தண்ணீர் வெறும் பச்சையாக இருந்து எதுவுமே அசையவில்லை என்றால் பார்க்க அழகாக இருக்கும். குஞ்சுக்கு அங்கே சாப்பாடு இல்லை.

கடைசி வேலை பூச்சி ஒழிப்பு. மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்த்தேள், தட்டானின் இளம்புழு எல்லாம் நுண்குஞ்சைப் பிடித்து உறிஞ்சும். இரண்டேகால் கிலோ மலிவான சமையல் எண்ணெய், முக்கால் கிலோ துணி சோப்பு. சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, எண்ணெய் ஊற்றிப் பால்போல் ஆகும்வரை கலக்கி, குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள் காற்றில்லாத நேரத்தில் மேற்பரப்பில் தெளிக்க வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சிகள் எண்ணெய்ப் படலத்தில் மூச்சடைத்துச் சாகும். தட்டான் புழு செவுளால் மூச்சு விடுவதால் இதற்கு மசியாது. அதை நெருக்கமான வலையை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். காற்று அடித்தால் படலம் ஒரு பக்கம் ஒதுங்கி, செய்த வேலை வீண்.

எத்தனை விடலாம்

மண்குளத்தில் எக்டருக்கு 30 முதல் 50 லட்சம் நுண்குஞ்சு என்பது புழக்கத்தில் உள்ள அளவு. 10 சென்ட்டுக்கு ஒன்றேகால் லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை. புதிதாகத் தொடங்குபவர் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு நுண்குஞ்சு 1.4 மில்லிகிராம் அளவுதான். ஒன்றேகால் லட்சம் உயிரையும் சேர்த்து எடை போட்டால் 175 கிராம். இவ்வளவுதானா என்று கை இன்னும் கேட்கும். கேட்கட்டும். 15 நாளில் அவை ஒவ்வொன்றும் நூறு மடங்குக்கு மேல் எடை கூடப்போகின்றன. இடமும் தீனியும் அன்றைய கணக்குக்குப் போதுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதிகம் விட்டால் எல்லாக் குஞ்சும் சமமாகச் சிறுக்கும் என்று நினைக்காதீர்கள். சில குஞ்சுகள் மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகும், மற்றவை பின்தங்கும், பின்தங்கியது மேலும் பின்தங்கும். அறுவடையில் ஒரே வலையில் அரை அங்குலமும் ஒன்றரை அங்குலமும் கலந்து வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். நாற்றங்காலில் ஒரே இனத்தை விடுவதும் அதற்காகத்தான்.

குஞ்சு வந்த பையைப் பிரிக்குமுன் அப்படியே குளத்தில் 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள். அப்புறம் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேறும்படி சாய்க்க வேண்டும். காலையோ மாலையோ, உச்சி வெயிலில் வேண்டாம்.

முதல் பதினைந்து நாள்

கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி, மாவாக அரைத்து மெல்லிய துணியில் சலித்தது. முதல் ஐந்து நாள் லட்சம் குஞ்சுக்கு நாளொன்றுக்கு 600 கிராம். நம் ஒன்றேகால் லட்சத்துக்கு 750 கிராம். ஆறாம் நாளிலிருந்து இரட்டிப்பு, ஒன்றரைக் கிலோ. காலையில் பாதி, மாலையில் பாதி, கரையோரம் முழுக்கத் தூவ வேண்டும். இந்தத் தூளில் பெரும்பகுதியைக் குஞ்சு நேராகத் தின்பதில்லை. தண்ணீரில் கரைந்து மிதவை உயிர்களை வளர்க்கிறது, குஞ்சு அவற்றைத் தின்கிறது. அதனால் டம்ளரில் குதிக்கும் புள்ளிகள் குறைந்தால் தீனியைக் கூட்டாமல், எடுத்துவைத்த உரத்தில் ஒரு பங்கைப் போடுங்கள்.

புண்ணாக்கு வாங்கும்போது உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் மாட்டுக்கும் வேண்டாம், மீனுக்கும் வேண்டாம். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், ஈரல் கெட்ட குஞ்சுக்கு எவ்வளவு போட்டாலும் வளர்ச்சி வராது. தனிம உப்புக் கலவையும் வைட்டமின் கலவையும் சிறிதளவு சேர்ப்பது நல்லது. வைட்டமின் சி குறைந்தால் முதுகெலும்பு வளையும். பாஸ்பரஸ் குறைந்தால் எலும்பு சரியாகக் கெட்டிப்படாது. சிமென்ட் தொட்டியிலும் ஷீட் குட்டையிலும் இது மண்குளத்தைவிட அவசியம், ஏனென்றால் இயற்கை இரை அங்கே குறைவு.

இந்த நாட்களில் பார்க்க வேண்டியது விடியற்காலை. இரவு முழுக்க எல்லா உயிர்களும் மூச்சு வாங்கி, சூரியன் வருமுன் உயிர்வளி அடிமட்டத்தில் இருக்கும். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைத் தெறிக்க விடுங்கள், அன்று தீனியும் உரமும் வேண்டாம். மாலை மூன்று மணிக்கு வேறு ஆபத்து. பாசி மிகுந்த குளத்தில் பிஹெச் 9-ஐத் தாண்டும். அப்போது தண்ணீரிலுள்ள அம்மோனியா விஷவடிவத்துக்கு மாறும். கரும்பச்சையாகிவிட்ட குளத்தில் பகலில் உயிர்வளி அளவுக்கு மீறிப் போய்க் குஞ்சின் வயிற்றில் குமிழி கட்டுவதும் உண்டு. புதுத் தண்ணீர் விட்டுப் பாசியை நீர்க்கச் செய்வதுதான் வழி.

இன்னொன்று, குளத்துக்கு வெளியே இருந்து வருவது. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் நாற்றங்கால் பருவத்தில் தக்காளிக்கு மருந்தடிப்பார்கள். தை, மாசியில் மாம்பூவுக்கு. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கும் மாட்டுக்கும் ஒப்பீட்டில் ஆபத்து குறைந்தவை, மீனுக்கோ மிக மிகச் சிறிய அளவே போதும். குஞ்சு சாகாவிட்டாலும் நீர்த்தெள்ளு செத்துவிடும், இரண்டு நாளில் குஞ்சு பட்டினி. பக்கத்துக் கொல்லைக்காரரிடம், "அண்ணா, மருந்தடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிவையுங்கள். தெளிப்பான் கழுவிய தண்ணீர் குளத்துப் பக்கம் வராமல் கரையை உயர்த்துங்கள்.

இவ்வளவு செய்தும் 100-க்கு 30 முதல் 50 குஞ்சு தேறினால் நல்ல விளைச்சல். இதைக் கேட்டுப் பலர் முகம் சுளிப்பார்கள். ஆற்றில் பிறக்கும் குஞ்சின் பிழைப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இடம் மாற்றும் கணக்கு

பதினெட்டாம் நாள் வாக்கில் வலை இழுக்கிறீர்கள், 45,000 குஞ்சு கிடைக்கிறது என்று வையுங்கள். பலரும் வழுக்குவது இங்கேதான். விரலியாக வளர்க்க எக்டருக்கு 2 முதல் 3 லட்சம் குஞ்சுதான் அளவு. அதாவது 10 சென்ட்டுக்கு 8,000 முதல் 12,000. இந்த 45,000 குஞ்சுக்கு 40, 50 சென்ட் தண்ணீர் வேண்டும். இருப்பதோ அதே 10 சென்ட். "இன்னும் பத்து நாள் இருக்கட்டும், கொஞ்சம் பெரிசானா விலை கூட வரும்" என்று அங்கேயே வைத்திருந்தால் குஞ்சு பெரிதாகாது, எண்ணிக்கைதான் குறையும். தண்ணீர்ப்பரப்பு இல்லாதவர்கள் 10,000 குஞ்சை வைத்துக்கொண்டு மிச்சத்தை அந்த வாரமே விற்றுவிட வேண்டும். நுண்குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, ஒரு அங்குலக் குஞ்சை வாங்க ஆள் பார்த்துவைத்திருக்க வேண்டும்.

வளர்ப்புக் குளம் ஒன்றரை மீட்டர் ஆழம் இருக்கலாம். இங்கே மூன்று இனத்தையும் கலந்து விடலாம். கட்லா மேலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும். புல்கெண்டை சேர்த்தால் அசோலாவோ பாசிப்பயறளவு இலையுள்ள மிதவைச் செடிகளோ போட வேண்டும். தீனி உடல் எடையில் 10 சதவீதத்தில் தொடங்கி, வளர வளர 5-க்கு இறக்க வேண்டும். வாரம் ஒருமுறை 100 குஞ்சைப் பிடித்து எடை போடுங்கள். 30 கிராம் வந்தால் ஒரு குஞ்சு 0.3 கிராம், 10,000 குஞ்சு 3 கிலோ, அன்றைய தீனி 300 கிராம். கண்ணளவில் போடுகிறவர்கள் தொடக்கத்தில் அதிகமும் கடைசியில் குறைவுமாகப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. இந்தக் கட்டத்தில் 60 முதல் 70 சதவீதம் தேறும்.

வேண்டுமென்றே குறுக வைப்பது

கஞ்சத்தனம் செய்யலாம் என்று முதலில் சொன்ன வயதுக்கு இப்போது வருகிறேன். ஆந்திராவின் கொல்லேறு பகுதிக் குளங்களில் விரலியை நேராக வளர்ப்புக் குளத்தில் விடுவதில்லை. அதை நெருக்கமாக, அரை வயிற்றுத் தீனியில் ஓராண்டு வரை வைத்திருந்து, 100 முதல் 150 கிராம் எடையில் எடுத்து விடுகிறார்கள். வயது ஏறியிருக்கும், உடம்பு ஏறியிருக்காது. அகலமான குளமும் நிறைய தீனியும் கிடைத்ததும், இழந்ததை ஈடுகட்டுகிற வேகத்தில் வளர்கிறது.

நம் மாவட்டங்களுக்கு இந்த முறை எவ்வளவு பொருத்தம் என்று ஏரிகளைப் பார்த்தாலே தெரியும். மழை புரட்டாசி, ஐப்பசியில் வந்து, கார்த்திகையில் நிறைந்து, சித்திரையில் அடி தெரிகிற ஏரிகள்தான் பெரும்பான்மை. ஆறேழு மாதத்தில் மூன்று அங்குல விரலி விற்பனை எடைக்கு வருவது கடினம். ஓராண்டுக் குறுகிய குஞ்சை விட்டால் வரும். கிணறு பக்கத்தில் இருக்கும் ஷீட் குட்டைகள் கோடையிலும் தண்ணீர் வைத்திருப்பதால், ஒரு பருவத்து விரலியை அடுத்த மழை வரை தாங்கிப் பிடிக்க அவை போதும். என்னைக் கேட்டால் பண்ணைக்குட்டை வைத்திருப்பவருக்கு நுண்குஞ்சு வளர்ப்பைவிட இதுதான் நிதானமான வருமானம்.

இரண்டு எச்சரிக்கை. குறுக வைப்பது என்றால் பட்டினி போடுவது இல்லை. எடையில் ஒன்றிரண்டு சதவீதம் தீனி தினமும் உண்டு, உயிர்வளியில் கஞ்சத்தனம் கிடையாது. இரண்டாவது, ஜிலேபி மீனிடம் இந்தக் கணக்கு செல்லாது. நெருக்கினால் அது சின்ன உடம்பிலேயே பருவமடைந்து குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பிவிடும். அதன் வளர்ப்பு முறையே தனி.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் மார்கழிக் குளிரில் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் கட்லாவும் ரோகுவும் ஏறக்குறைய தீனியை நிறுத்திவிடும். போட்டது அடியில் அழுகும். அங்கே அந்த இரண்டு மாதமும் வெயில் ஏறிய பிறகு ஒரே வேளை, பாதியளவு. குளிர் தாங்கும் சாதாக் கெண்டைக்கு அங்கே கூடுதல் இடம் கொடுக்கலாம். அதன் குஞ்சு தை, மாசியிலும் கிடைக்கும்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

கிருஷ்ணகிரி அணையடியில் அரசு மீன்பண்ணை இருக்கிறது. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. தனியாரிடமும் வாங்கலாம். எங்கே வாங்கினாலும் ஒரு வெள்ளைப் பேசினில் குளத்துத் தண்ணீரோடு நூறு குஞ்சை விடச் சொல்லி, கையால் தண்ணீரை ஒரு சுற்றுச் சுற்றி விட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நல்ல குஞ்சு ஓரத்துக்குப் போய்ச் சுழலை எதிர்த்து நீந்தும். நலிந்தது நடுவில் குவிந்து சுழலோடு சுற்றும். சுழல் நின்றதும் உற்றுப் பாருங்கள்: வால்துடுப்பின் ஓரம் கிழிந்திருக்கிறதா, தலை பெரிதாய் உடம்பு ஊசியாய் இருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா? தலை பெருத்து உடல் மெலிந்த குஞ்சு பட்டினி கிடந்தது. வால் கிழிந்தது நெருக்கத்தில் வளர்ந்தது. இரண்டாவதை வாங்கலாம், பிழைத்துக்கொள்ளும். முதலாவதை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

விற்பவரானால் முந்தைய நாள் தீனியை நிறுத்திவிட்டு, குளத்துக்குள்ளேயே ஹாப்பா வலை (பெட்டி போலத் தைத்த வலை) கட்டி அதில் ஓர் இரவு குஞ்சுகளை வைத்திருங்கள். வயிறு காலியாகும், நெருக்கமும் பழகும். வயிறு நிறைந்த குஞ்சைப் பையில் அடைத்தால் கழிவு கலந்து பாதி வழியிலேயே மூச்சு முட்டும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். வண்டி விடியுமுன் கிளம்பிவிட வேண்டும்.

தொப்பையாறு, வாணியாறு போன்ற அணைகளுக்குப் போகிற குஞ்சு நான்கு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அங்கே விராலும் வாளையும் காத்திருக்கின்றன. சிமென்ட் தொட்டியில் எதிரியையே பார்க்காமல் வளர்ந்த ஒன்றரை அங்குலக் குஞ்சை அங்கே கொட்டுவது அவற்றுக்குத் தீனி போடுவதுதான். விடும்போதும் மதகடியில் ஒரே இடத்தில் கவிழ்க்காமல், செடி மண்டிய ஆழம் குறைந்த கரையோரமாக நாலைந்து இடத்தில் பிரித்து விடுங்கள்.